எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது? பழவேற்காட்டின் பழங்கணக்கும் குடியரசுகளின் தொடக்க வாக்குறுதியும்

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டு ஏரியை அடையும் சாலையை ஒட்டிய ஊர்களின் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல விடைகள் வழங்கிவருகின்றன. திருப்பாலைவனத்துத் திருப்பாலீசுவரர் கோயிலைச் சார்ந்து பேசுவோர் பாலைமரக் காட்டையும் சோழ மன்னனின் யானைப்படையையும் இணைக்கும் தலபுராணத்திலிருந்து தொடங்குவர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூசு குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் பழவேற்காடே என்று வாதிட்டோரும் இருந்தனர். ஆனால் அரிக்கமேட்டு அகழாய்வுக்குப் பின் அப்பெயரைப் புதுச்சேரிப் பக்கமாகக் கொள்வதே பெரும்பாலோர் முடிவாயிற்று. மரைக்காயர் குடும்பங்கள் மக்காவிலிருந்து படகேறி வந்த முன்னோரிலிருந்து எண்ணுகின்றன; கத்தோலிக்கர் 1515இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய மாதா கோயிலிலிருந்து எண்ணுகின்றனர்; சுற்றுலாக் கையேடுகளோ 1613இல் டச்சுக்காரர் கட்டி முடித்த கெல்திரியா கோட்டையிலிருந்து தொடங்குகின்றன. ஏரியில் வலை கட்டும் குப்பங்களுக்கு இவற்றுள் எதுவும் தொடக்கம் ஆகாது. அவற்றின் கணக்கு ஆண்டுகளால் அமையாமல், இன்ன தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இன்ன நாளில் இன்ன இடம் என்ற முறையால் அமைந்தது.

தொடக்க ஆண்டைத் தெரிவது அறிவுத்துறைக்குள் அடங்கிவிடும் செயலாகத் தோன்றினாலும், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அங்கே யார் இருந்தார் என்பதே பின்னர் யாருக்கு உரிமை உண்டு என்பதற்குச் சான்றாகிவிடுவதால், அது எங்கும் வழக்காக மாறிவிடுகிறது. இத்தகைய வழக்குகளுள் அண்மைக்காலத்தில் உலகின் கவனத்தை மிகுதியாக ஈர்த்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது. 2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழ், பத்திரிகையாளர் நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் முன்னின்று அமைத்த '1619 திட்டம்' என்ற கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று அறிவித்த 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தை மட்டுமே தொடக்கமாகக் கொள்ளலாகாது, வர்ஜீனியாக் கரையில் ஏறத்தாழ இருபது ஆப்பிரிக்கர் விற்பனைக்கு இறக்கப்பட்ட 1619ஆம் ஆண்டையும் அந்நாட்டின் பிறப்பாண்டாகக் கருதிப் பார்க்க வேண்டும் என்பது அதன் வாதம். கோர்டன் வுட், ஷான் வில்லென்ட்ஸ் உள்ளிட்ட ஐந்து வரலாற்றாசிரியர்கள் அவ்வாண்டு டிசம்பரிலேயே, குறிப்பாகப் புரட்சிக்கும் அடிமைமுறைக் காப்புக்கும் இடையே தொகுப்பு காட்டிய தொடர்பைப் பற்றி, எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்தனர். அதிபர் டிரம்பு எதிர்வினையாக அமைத்த '1776 ஆணையம்' 2021 ஜனவரி 18 அன்று அறிக்கை அளித்தது; இரண்டு நாட்களில் பதவியேற்ற பைடன் அவ்வாணையத்தைக் கலைத்தார்.

சண்டை புதியதாகத் தோன்றினாலும் அதன் வேர் பழையது. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு 'அடிமை' என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தாமலே, மாநிலங்களின் பிரதிநிதிகள் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணவும், 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யாதிருக்கவும் வழிவகுத்தது. அடிமை ஒழிப்பாளர் வில்லியம் லாயிட் கேரிசன் அந்த ஆவணம் நரகத்தோடு செய்த உடன்படிக்கை என்று கருதி 1854 ஜூலை 4 அன்று அதன் படி ஒன்றை மக்கள் முன்னிலையில் எரித்தார். அடிமையாகப் பிறந்து தப்பியோடி வந்த பிரடெரிக் டக்ளஸ், அவரோடு சில காலம் ஒத்திருந்தபின், அதே ஆவணத்தை அடிமைமுறைக்கு எதிராகப் படிக்க முடியும், அவ்வாறே படிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1852இல் ராசெஸ்டரில் அவர் ஆற்றிய உரை, சுதந்திர நாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கேட்டுக் கொண்டாட்டத்தைக் கடுமையாகச் சாடிவிட்டு, அரசியலமைப்பின் வாசகத்தை மட்டும் தம் பக்கம் இழுத்துக்கொண்டது. ஐந்தாண்டு கழித்து ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தார் குடிமக்களாகவே கருதப்படவில்லை என்று தீர்ப்பளித்தபோது, அவரும் தொடக்ககால முன்னோரின் கருத்தையே ஆதாரம் காட்டினார். சார்லஸ் பியர்டு 1913இல் எழுதிய நூல், அரசியலமைப்பை வகுத்தோரின் கடன்பத்திரங்களையும் சொத்தையும் எண்ணி வேறொரு வாசிப்பைத் தந்தது. ஒரே ஆவணத்திலிருந்து இத்தனை பேர் இத்தனை முடிவுகளை எடுக்க முடிந்தது.

அந்த 1619ஆம் ஆண்டுக்குப் பழவேற்காட்டிலும் ஒரு பொருள் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் அவ்வாண்டில்தான் சாவகத் தீவின் ஜயகர்த்தாவை அழித்து அவ்விடத்தில் பட்டேவியாவை நிறுவினார். அந்நகரைக் கட்டவும் காக்கவும் தேவைப்பட்ட ஆட்களில் ஒரு பகுதியினர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றனர். அக்கரையில் கம்பெனியின் தலைமை இடம் அப்போது பழவேற்காடு. 1606இல் டச்சுக்காரர், தமிழில் ஒல்லாந்தர் எனப்பட்டோர், இப்பகுதியில் கால் வைத்தனர். விசயநகர அரசின் எச்சமாக வேலூரிலும் சந்திரகிரியிலும் இருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடன் 1610இல் அவர்களுக்கு வணிக உரிமை அளித்தான். அவனது அரசியரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்த இப்பட்டினத்தில் 1613இல் கோட்டை எழுந்தது. கம்பெனி இயக்குநராக இருந்த வெம்மர் வான் பெர்ஹெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்துக் கோட்டைக்குக் கெல்திரியா என்று பெயரிட்டனர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை கரை முழுவதற்குமான டச்சு நிர்வாகம் இங்கிருந்தே நடந்தது.

இக்கோட்டையை நிலைக்கவைத்த வணிகத்தின் பொறிமுறையைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது. மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பையும் பண்டாத் தீவுகளின் சாதிக்காயையும் வாங்க வந்த ஐரோப்பியர், அங்குள்ளோர் தங்கள் வெள்ளியை வேண்டாமல், சோழமண்டலத்தில் நெய்து சாயமிட்ட கட்டம்போட்ட துணிகளையும் பூவேலைத் துணிகளையுமே மாற்றுப்பொருளாகக் கேட்பதைக் கண்டனர். எனவே ஐரோப்பிய வெள்ளியைக் கொண்டுவந்து இங்குத் துணி வாங்கி, துணியைக் கொடுத்து அங்கு நறுமணப் பொருள் வாங்கி, அதை ஆம்ஸ்டர்டாமில் விற்கும் முக்கோண வணிகம் உருவாயிற்று. நெசவாளர்களுக்கு முன்பணம் தந்து துணி சேர்க்கும் தரகர், தங்க வராகன் அச்சடிக்கும் நாணயச்சாலை, கீழைக் கடல் முழுவதற்கும் வெடிமருந்து அனுப்பிய ஆலை ஆகிய மூன்றும் பழவேற்காட்டுக்கு முக்கியத்துவம் தந்தன. 'புலிகாட்' என்ற பெயரில் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி உலகச் சந்தைக்குச் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க வணிகர்களின் விளம்பரங்களிலும் இப்பெயர் காணப்படுகிறது. இத்தகைய இந்தியத் துணிகள் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கும் பண்டமாகவும், கரீபியத் தீவுகளில் அவ்வடிமைகளின் தலைத்துணியாகவும் பயன்பட்டன. நெசவாளர்களில் எவரும் அத்தீவுகளை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

துணியோடு மனிதரும் ஏற்றப்பட்டனர். 1614இல் வேங்கடன் இறந்ததைத் தொடர்ந்து அரசுரிமைப் போர் மூண்டு, 1616இல் தோப்பூர்ப் போர் வரை நாட்டைக் கலைத்தது. வறட்சியும் சேர்ந்துகொண்ட காலங்களில் பசியால் தம்மையோ தம் பிள்ளைகளையோ விற்றோர், போரில் பிடிபட்டோர், கடனில் மூழ்கியோர் ஆகியோரைத் தரகர்கள் கம்பெனிக்கு விற்றனர். 1622, 1623 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அனுப்பப்பட்டதாகக் கம்பெனி ஆவணங்களை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் எழுதினார். 1621 ஜூன் முதல் 1665 நவம்பர் வரை வங்காள விரிகுடாக் கரைகளிலிருந்து 131 கப்பல்களில் 38,441 பேர் கொண்டுசெல்லப்பட்டனர் என்று வில் டைக் கணக்கிட்டார். இத்தொகை முழுவதையும் பழவேற்காட்டின் பேரிலேயே எழுதும் பழக்கம் இணையத்திலும் சுற்றுலா எழுத்துகளிலும் பரவியிருக்கிறது. அரக்கானும் வங்காளமும் இவ்வணிகத்தில் பெரும்பங்கு கொண்டவை என்பதை மறந்துவிட்டால், ஒரு குற்றத்தை வெளிப்படுத்தும் ஆர்வம் மற்றொரு பிழைக்கு இட்டுச்செல்லும். ஆனாலும் இவர்களில் பலர் சென்ற இடத்தை நினைக்கும்போது, எண்ணிக்கையின் துல்லியத்தைப் பற்றிய வாதம் சற்றே பின்வாங்குகிறது. 1621இல் கூன் பண்டாத் தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் ஏறத்தாழ வெறுமையாக்கினார். சாதிக்காய்த் தோட்டங்களில் உழைக்க ஆளின்றிப்போன அத்தீவுகளுக்கு அடிமைகள் தேவைப்பட்டனர். ஒரு கரையின் பஞ்சமும் ஒரு தீவின் படுகொலையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் பற்றும் வரவுமாக நேர்பட்டன.

பெரும்பாலோர் எண்ணாக மட்டுமே எஞ்ச, நீதிமன்றத்தில் சிக்கிய ஒருத்தியின் பெயர் ஆவணத்தில் நிலைத்தது. கத்தரீனா என்ற பெயரும் பழவேற்காட்டைக் குறிக்கும் 'வான் பாலியகட்டா' என்ற ஒட்டும் கொண்ட இப்பெண், பெரிய கத்தரீன் என்று அழைக்கப்பட்டாள். பட்டேவியாவில் தன்னைத் தாக்கிய காதலனை அவள் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்தான். மரண தண்டனை வாழ்நாள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டு அங்கே சலவைப் பணி செய்தாள். பின்னர் விடுதலை பெற்று, வங்காளத்திலிருந்து வந்தவனும் விடுதலை பெற்றவனுமான ஒருவனை மணந்தாள். அதற்கு முன் ஒரு படைவீரனால் அவளுக்குப் பிறந்த கிறிஸ்டோபெல் ஸ்னைமன், தென்னாப்பிரிக்காவின் பெரிய வெள்ளையர் குடும்பங்களுள் ஒன்றின் மூதாதையானான். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தால் இனம் இனமாகப் பிரிக்கப்பட்ட அந்நாட்டில், ஆப்பிரிக்கானர் குடும்பங்களுக்கு ஆசிய, ஆப்பிரிக்க முன்னோர் உண்டு என்பதைப் பதிவேடுகளிலிருந்து காட்டி ஹான்ஸ் ஹீஸ் 1984இல் வெளியிட்ட நூல் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. தூய்மையின் மேல் நிறுவப்பட்ட ஓர் அரசுக்குப் பழவேற்காட்டுச் சலவைக்காரி ஒருத்தியின் பேரப்பிள்ளைகள் சங்கடமான சான்றாயினர்.

கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகே ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய நுழைவாயிலும், குலச்சின்னங்களும் நீண்ட வாசகங்களும் பொறித்த கற்களுமாக அமைந்த இங்குள்ள 76 கல்லறைகளை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இதே ஊரில் 1632 முதல் 1642 வரை போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜெரியுஸ், பத்மநாபன் என்ற பார்ப்பனரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் லெய்டனில் அச்சானபோது, பர்த்ருஹரியின் சுலோகங்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் வெளிவந்தன. கல்லறைகளும் ரோஜெரியுசும் கைக்குட்டையும் சேர்ந்து பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற நயமான கதை உருவாகிறது, அது பொய்யன்று. ஆனால் வாசகம் பொறிக்கக் கல் வாங்க முடிந்தோரின் ஆவணங்களே மிகுதியாக எஞ்சுவதால், மரபுச்சின்னம் என்று எது பாதுகாக்கப்படுகிறதோ அது இயல்பாகவே கம்பெனியின் பக்கம் சாய்கிறது. கப்பலேறியோருக்கு இக்கரையில் கல் எதுவும் நடப்படவில்லை.

இந்தச் சாய்வை நெதர்லாந்தே மறுபரிசீலனை செய்யத் தொடங்கிவிட்டது. 2019இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் பதினேழாம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று குறிப்பதைக் கைவிட்டது. 2022 டிசம்பரில் பிரதமர் மார்க் ருட்டேயும், 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லம்-அலெக்சாண்டரும் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டனர். மன்னர் பேசிய நாள் சுரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் அடிமைமுறை சட்டப்படி நீங்கிய 1863 ஜூலை 1இன் நினைவுநாள் ஆகும். கீழையிந்தியத் தீவுகளில் அது 1860இலேயே நீங்கியது என்பதும், கம்பெனியின் அடிமை வணிகம் பெரும்பகுதி ஆசியக் கடலுக்குள்ளேயே நடந்தது என்பதும் அந்நினைவுநாளில் பின்வரிசைக்குச் செல்கின்றன. ஆசிய அடிமைமுறை வீட்டுவேலை சார்ந்தது, மென்மையானது, ஐரோப்பியர் வருமுன்னரே இங்கு இருந்தது என்ற வழக்கமான வாதத்தில் கடைசிப் பகுதி உண்மைதான். தமிழ்நாட்டில் ஆட்களை விற்கவும் ஒற்றி வைக்கவும் ஓலை எழுதும் வழக்கம் பழையது. ஆனால் பழைய வழக்கம் உள்ளூர் நிலத்தோடு கட்டியிருந்தவரைக் கம்பெனி கடல்கடந்து, திரும்பிவர இயலாத இடத்துக்கு, ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது. முன்னே இருந்ததைக் காட்டி இதைச் சிறிதாக்குவது நேர்மையான ஒப்பீடாகாது.

பழவேற்காட்டின் அயல்வீட்டுக் கதையாகச் சென்னையின் தோற்றமும் இதில் வந்து சேர்கிறது. 1619இல் இங்கிலாந்தும் நெதர்லாந்தும் செய்த உடன்படிக்கையின்படி 1621இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டில் இடம் பெற்றனர்; ஓரிரு ஆண்டுகளுக்குள் இருதரப்பும் பகையாகி அவர்கள் விலகினர், 1626இல் வடக்கே ஆர்மகானில் பண்டகசாலை வைத்தனர், 1639இல் தெற்கே வந்து சென்னையைத் தேர்ந்தனர். அங்கு அவர்கள் கட்டிய கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டிலிருந்த கல்லூரி ஒன்றுக்குத் துணிகளும் நூல்களும் பிறவும் அனுப்பினார். அவற்றை விற்ற பணத்தால் கட்டடம் எழுப்பிய கல்லூரி அவர் பெயரை ஏற்றது. அவரது ஆட்சிக்காலத்தில் செயிண்ட் எலினாத் தீவுக்குச் செல்லும் கப்பல்களில் அடிமைகளை ஏற்ற உத்தரவுகள் இருந்தன. 1688இல் அடிமை வணிகம் சென்னையில் தடையும் செய்யப்பட்டது. தடையைக் காட்டி யேலை ஒழிப்பாளர் என்போரும், உத்தரவைக் காட்டி வணிகர் என்போரும் வாதிடுகையில், முந்தைய ஆண்டு கோல்கொண்டாவைக் கைப்பற்றிய முகலாயரின் அழுத்தத்தை இரு தரப்பாரும் அதிகம் பேசுவதில்லை. 2024இல் யேல் பல்கலைக்கழகம் தன் அடிமைமுறைத் தொடர்புகளுக்காக மன்னிப்புக் கேட்டு, டேவிட் பிளைட்டின் விரிவான வரலாற்றையும் வெளியிட்டது. அமெரிக்கத் தொடக்கத்தைப் பற்றிய வழக்கின் ஒரு தாள் சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவின் தொடக்க வாக்குறுதி 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு ஆகும். அதைப் பற்றிய வழக்கும் அமெரிக்க வழக்கோடு நேரடியான உறவு கொண்டது. சோதிபா பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு சமூகங்களின் நிலையிலுள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக முரண்பட்ட வாழ்க்கைக்குள் நாடு நுழையப்போகிறது என்று எச்சரித்தார். சட்டம் தம்மால் எழுதப்பட்டதாகவே இருந்தாலும் அதை எரிப்பதில் முதல் ஆள் தாமாக இருப்பேன் என்று 1953இல் மாநிலங்களவையிலும் சொன்னார். தமிழ்நாட்டில் 1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்கநாள் என்றார். அவருடைய தளபதியாக இருந்த அண்ணாதுரை அதை ஏற்கவில்லை. 1957 நவம்பர் 26 அன்று சாதியைக் காக்கும் பகுதிகளைக் கண்டித்துப் பெரியாரின் இயக்கத்தினர் அரசியலமைப்பை எரித்து ஆயிரக்கணக்கில் சிறை சென்றனர். அதைத் தடுக்கவென்றே சென்னைச் சட்டமன்றம் மூன்றாண்டுவரை தண்டனை தரும் சட்டத்தை அவசரமாக இயற்றியிருந்தது. கேரிசன் நெருப்பில் போட்டதை டக்ளஸ் கையில் எடுத்துக்கொண்டதுபோல, பெரியார் எரித்த தாளை எரிக்கலாம் என்றவரும் அதையே கருவியாகக் கொண்டவரும் அம்பேத்கர் ஒருவரே என்பது இந்த ஒப்பீட்டின் விசித்திரம்.

ஏரிக்கரைக்கு வந்தால் இந்த வழக்கு வேறு வடிவம் எடுக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல், பொன்னேரியும் அதில் அடங்கியிருந்த காலத்தில், அம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பு, 1843இலேயே சட்டத்தால் நீக்கப்பட்ட அடிமை நிலை பண்ணையாள் என்ற பெயரில் தொடர்ந்ததை அரசின் முன் வைத்தது. அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் எனப்பட்ட ஒதுக்கீடு தொடங்கிற்று. நிலத்துக்கு இவ்வாறு ஓர் ஆவணம் பிறந்தது. நீருக்கு அப்படி ஆவணம் எதுவும் பிறக்கவில்லை. அங்கே அதிகாரம் பெற்றது 'பாடு'.

பாடு என்பது ஏரியில், குறிப்பாகக் கடலோடு ஏரியைச் சேர்க்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டம் மிக்க இடங்களில், சுத்து வலை கட்டும் உரிமையை முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடாகும். ஏரியில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும் ஓட்டத்தில் கம்பங்கள் நட்டு வலையை விரித்தால் அதில் மிகுதியாகப் படும். அத்தகைய இடங்கள் சில மட்டுமே என்பதால் எவருக்கு எந்த நாளில் எந்த இடம் என்பதைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்கள் தமக்குள் சீட்டுக் குலுக்கியும் சுழற்றியும் முடிவு செய்தன. பங்குக்கு அலகாக இருப்பது தலைக்கட்டு. அதாவது ஊருக்கு வரி செலுத்தும், மணமான ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்பம். பணக்காரர் ஏலம் எடுத்து இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது, வலுவுள்ளவன் தினமும் நல்ல இடத்தில் வலை கட்ட முடியாது, ஏரியை ஒரே பருவத்தில் சுரண்டித் தீர்க்கவும் முடியாது. பொதுவளத்தை மக்களே காக்க இயலும் என்று வாதிடும் அறிஞர்களுக்குப் பாடு உவப்பான எடுத்துக்காட்டானதற்கு இதுவே காரணம். அரசுக்கும் சந்தைக்கும் அடங்காத சமத்துவம் ஒன்று இங்கு உண்மையிலேயே இருக்கிறது.

ஆனால் அச்சமத்துவத்துக்கு வேலி உண்டு. அம்மூன்று ஊர்களும் பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் ஊர்கள். பாடு பெறப் பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும். ஏரியையே நம்பிய ஆதி திராவிடர்கள், ஏரியிலேயே பிழைக்கும் செம்படவர், வலையின்றி நீருக்குள் தவழ்ந்து கையால் இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளர் ஆகியோர் பாட்டுக்கு வெளியே நின்றனர்; பெண் எவளும் தன் பெயரில் பங்குக்கு உரியவளாகவில்லை. இறாலின் விலை உள்ளூர்ச் சந்தையோடு நின்றவரை இந்த வேலி பெரிதாகத் தெரியவில்லை. 1970களில் இறால் ஏற்றுமதி வளர்ந்து, ஏரியின் சில இடங்கள் பணம் காய்க்கும் இடங்களான பிறகு, வெளியே நின்றோர் உள்ளே வர முற்பட்டனர். மோதல்கள் எழுந்தன, வலைகள் அறுபட்டன, வருவாய்த்துறை அலுவலர்கள் முன்னிலையில் பேச்சுகள் நடந்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைக்க அங்கிருந்த குப்பங்கள் பெயர்க்கப்பட்டபோது, இடம்பெயர்ந்தோர் பலர் ஏரியின் தென்கரைக்கு வந்ததும் நெருக்கடியைக் கூட்டியது. சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, ஏரி வளம் குன்றும்போது பாட்டுக்குள் இருப்போர் தொழிலை விட்டு விலகத் தயங்குவதையும், அதற்கு வெளியே தள்ளப்பட்டோர் பல தொழில்களைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததையும் காட்டியது. பாட்டில் பங்கு வருவாயை மட்டும் தருவதில்லை. அது ஊருக்குள் ஒருவனுக்குரிய தகுதியுமாகும்.

இங்கேதான் இந்தியக் குடியரசின் தொடக்க வாக்குறுதி நீருக்குள் இறங்குகிறது. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டங்கள் செல்லாது என்று கூறும்போது, சட்டம் என்ற சொல்லுக்குள் சட்ட வலிமை பெற்ற வழக்காற்றையும் சேர்க்கிறது. சாதியால் வேறுபடுத்தலை 15ஆம் உறுப்பு தடுக்கிறது. எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை 19ஆம் உறுப்பு தருகிறது. பிறப்பால் வரும் பாட்டுரிமை இவற்றோடு பொருந்துமா என்று வெளியே நிற்போர் கேட்கையில், அவர்கள் டக்ளசின் வழியில் நடக்கின்றனர்: வாக்குறுதி தம்மை மனத்தில் கொண்டு எழுதப்படவில்லை என்றாலும், எழுதியபடி தமக்கும் உரியது என்கின்றனர். உள்ளே இருப்போரின் விடையையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கம்பெனிக்கும் முந்திய, அரசு ஒன்றும் செய்யாத காலத்தில் ஏரியைக் காத்த ஒழுங்கை, இறாலுக்கு விலை ஏறியபின் சமத்துவத்தின் பெயரால் கலைத்தால், அடுத்து உள்ளே வருவோர் ஏழைகளாக இருக்கமாட்டார்கள், இறால் பண்ணை முதலாளிகளும் துறைமுகங்களுமே வருவார்கள் என்று அவர்கள் அஞ்சுகின்றனர்; காட்டுப்பள்ளியை ஒட்டிய கரையில் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இரு தரப்பு ஊர்களும் சேர்ந்து நின்றதைப் பார்க்கையில் அந்த அச்சம் ஆதாரமற்றதென்று சொல்ல இயலாது. இரு வாதங்களும் ஒரே கடந்த காலத்தைச் சான்றுக்கு அழைக்கின்றன; ஒன்று அதை உரிமைப்பத்திரமாகவும் மற்றொன்று விலக்கலின் பட்டியலாகவும் படிக்கிறது.

பாட்டை ஒழித்துவிடுவதும் அப்படியே வைத்திருப்பதும் மட்டுமே வழி என்று இருதரப்பும் பேசுவது வழக்கமானாலும், பாட்டின் உள்ளமைப்பே மூன்றாவது வழியைக் காட்டுகிறது எனலாம். சீட்டும் சுழற்சியும் பிறப்பைச் சார்ந்தவை அல்ல. தலைக்கட்டு மட்டுமே பிறப்பைச் சார்ந்தது. முறையை வைத்துக்கொண்டு அலகை விரிவாக்குவது இயலாத காரியமன்று. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப்பின் 1868இல் ஏற்பட்ட 14ஆம் திருத்தமும் அரசியலமைப்பைத் தூக்கியெறியாமல், யார் குடிமகன் என்ற அலகையே மாற்றியது. ஏற்பாட்டின் நன்மையை அதிகம் அனுபவித்தோர் மாற்றத்துக்குக் கடைசியாக இணங்குவது அங்கும் இங்கும் ஒன்றே. அங்கே அதற்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

கல்லறைத் தோட்டத்தின் 76 கற்களுக்கு 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் காப்பளிக்கிறது. எந்தக் குப்பத்தின் தலைக்கட்டுப் பட்டியலுக்கும் அத்தகைய காப்பு இல்லை. அதனால் அதை மாற்றவும் மறுக்கவும் ஊர்க்கூட்டங்களே போதும். கூட்டத்தில் எவர் உட்காரலாம் என்பது பழவேற்காட்டில் இன்னும் முடியாத பேச்சாக இருக்கிறது. முகத்துவாரம் மணலால் அடைபடும் ஆண்டுகளில் வலைக்கு வரும் இறாலும் குறைவதால், அப்பேச்சில் சூடு மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது.